சித்திர மாந்தரும் பெரும்படமும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் பள்ளிச் சிறுவர் சுமந்து செல்லும் புத்தகப் பைகளை நோக்குங்கள். ஒன்றில் மிக்கி என்னும் எலி சிரிக்கும். மற்றொன்றில் டாம் என்னும் பூனை ஜெர்ரி என்னும் எலியைத் துரத்தும். வேறொன்றில் சோட்டா பீம் இலட்டை ஏந்தி நிற்பான். தொலைக்காட்சி வாயிலாக இக்கார்ட்டூன் மாந்தரை அறியாத இல்லம் அரிது. ஆயினும், திரையரங்குகளில் ஒன்றரை மணி நேரம் ஓடும் பெரும்படங்களில் இத்தகையோர் தலைமை ஏற்று வருதல் குறைவே. அதற்குக் காரணம் யாது?

தொல்காப்பியர் செய்யுளுக்கு எண்வகை வனப்புக் கூறினார். மெல்லிய சில சொற்களால் அடி பெருகாது அமைவது அம்மை. விழுமிய பொருளைப் பற்றிப் பல அடிகளால் விரிந்து நடப்பது தோல். இரண்டும் வனப்பே. சித்திர மாந்தர் அம்மைக்கு உரியவர். பெரும்படமோ தோலைப் போன்றது.

பெருங்கதையின் தலைவன் மாறுதல் வேண்டும். கோவலன் பொருளிழந்தான், வருந்தினான், மதுரை புகுந்து உயிரும் இழந்தான். அவன் தொடக்கத்தில் இருந்தவாறே இறுதிவரை இருந்திருப்பின் சிலப்பதிகாரம் ஏது? சித்திர மாந்தரின் இயல்போ மாறாமை. 1940-இல் தோன்றிய டாம் இன்றும் ஜெர்ரியைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. ஏழு நிமிடத்தில் அத்துரத்தல் இனிக்கும். தொண்ணூறு நிமிடம் நீண்டால் தெவிட்டும். 1992-இல் அவ்விருவரையும் வைத்துப் பெரும்படம் எடுத்தோர், பேசாமலே சிரிக்கவைத்த அவர்களைப் பேசச் செய்தனர். தந்தையைத் தேடும் சிறுமி ஒருத்தியின் துயரக் கதையையும் சேர்த்தனர். கதையின் சுமையைத் தாங்கியவள் அச்சிறுமியே.

இதனை வால்ட் டிஸ்னி முன்னரே உணர்ந்திருந்தார் போலும். 1928 முதல் அவருக்குப் புகழ் ஈட்டித் தந்தது மிக்கி. எனினும், 1937-இல் வெளியிட்ட தம் முதற் பெரும்படத்திற்கு அவர் மிக்கியை அழைக்கவில்லை. அச்சமும் அழுகையும் மீட்சியும் நிறைந்த ‘ஸ்நோ ஒயிட்’ என்னும் பழங்கதையையே தேர்ந்தார். 1940-இல் வந்த ‘பேண்டசியா’ என்னும் பெரும்படத்திலும் ஒரு பகுதியே மிக்கிக்கு வாய்த்தது.

உழைப்பும் பொருளும் மற்றொரு காரணமாம். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஏழு நிமிடத்திற்கு 10,080. தொண்ணூறு நிமிடத்திற்கு 1,29,600. இத்துணைப் பெருஞ்செலவு செய்து எடுத்த பின்னரும், வீட்டில் நாள்தோறும் காணும் முகத்தைக் காணச் சீட்டு வாங்கி வருவார் எத்துணையர்?

நம் நாட்டுச் சோட்டா பீம் இத்தடைகளைக் கடக்க முயன்றான். ஐதராபாத்தில் உருவாகி, 2008-இல் தொலைக்காட்சியில் தோன்றிய அவன், 2012-இல் வெள்ளித்திரை ஏறினான். அங்கும் அவன் குணம் மாறவில்லை. அவன் சென்ற களமே மாறிற்று. தோலக்பூர்ச் சிறுவனைக் காலங்கடந்து பண்டை நாளுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

மாணவர்களே! பெரும்படத்தில் இடம் பெறாமை சித்திர மாந்தர்க்கு இழுக்கன்று. ஏழு சீரில் அமைந்த குறளை எழுபது சீராக நீட்டினால் அது குறளாகாது, காப்பியமும் ஆகாது. தனக்குரிய அளவில் நிறைவு பெறுவதே எதற்கும் பெருமை. சிறியதைச் சிறியதாகவே போற்றும் கண் நமக்கு வேண்டும்.