ஒப்பந்தக் கூலியும் கணக்குச் சோதனையும்

ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை நம்பி முடிவெழுத நம் ஆசிரியர்கள் இசைவதில்லை. வேறொரு வழியிலும் அளந்து பார் என்பார்கள். கூலிக் கணக்குக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை என் அண்ணன் வழியாக அறிந்தேன்.

வேலூரிலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. திருப்பதியருகே ஓர் ஆலையில் அண்ணன் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை பார்த்தார். சம்பளச் சீட்டில் மாதந்தோறும் வருங்கால வைப்புநிதிக்கு 12 விழுக்காடு பிடித்தம். கணக்கைப் பார்த்தபோதோ, 11 மாதங்களாக ஒரு காசும் ஏறவில்லை! ஆலையார், "உன் ஒப்பந்தக்காரரைக் கேள்" என்றனர்.

சட்டம் அவ்வாறு கைகழுவ விடவில்லை. ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே தரவேண்டும் என்றது 1970-ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அப்பொறுப்பை மாற்றவில்லை. வைப்புநிதிக்கும் அவ்வாறே.

தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டட வேலையில் நாட்கூலி ரூ. 9.25. இடைத்தரகர் ஒரு ரூபாயை எடுத்துக்கொள்ள, உழைத்தவர் கைக்கு வந்தது ரூ. 8.25. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைத்துக் கொடுப்பது கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. புறப்பட்ட பணம் முழுமையாயிருந்தால் போதாது. போய்ச் சேர்ந்த பணமும் முழுமையாயிருக்க வேண்டுமன்றோ?

அதைச் சோதிப்பது எப்படி? வருகைப் பதிவேட்டைக் கூலிப் பதிவேட்டோடும், கூலிப் பதிவேட்டை வங்கி வரவோடும் ஒப்பிட வேண்டும். வைப்புநிதிச் செலுத்துச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தல் பிழை. அது வேறோர் ஆலையின் ஆட்களுக்குக் கட்டியதாகவும் இருக்கலாம். ஆகவே பெயர்ப் பட்டியலையும் கணக்கெண்ணையும் ஆள்வாரியாகச் சரிபார்க்க வேண்டும். இறுதியாக, ஒப்பந்தக்காரர் உடனில்லாத வேளையில், தொழிலாளியை அவர் மொழியிலேயே கேட்க வேண்டும். தெலுங்கில் அச்சிட்ட சீட்டை என் அண்ணனால் படிக்க இயலவில்லை, கேட்பாரும் இல்லை.

வைப்புநிதி அலுவலகத்துக்கு நான் மனு எழுதிக் கொடுத்தேன். அதன்பின் ஆலையார் ஆள்வாரியாகக் கணக்குப் பார்த்தனர். 8 மாதப் பணம் ஏறியது. 3 மாதப் பணம் இன்னும் நிலுவை.

தோழர்களே! நாளை நம்மில் சிலர் ஆலைகளில் அதிகாரிகளாவோம். ஒப்பந்தக்காரரின் பட்டியலில் கையெழுத்திடுமுன் இரண்டாம் அளவீட்டையும் கேட்போமாக. இன்று, விடுதிச் சமையற்கூடத்தில் நமக்குச் சோறிடுபவரின் சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்லவாவது நம்மால் இயலும்.