எரியூட்டி (தோட்டா)

எரியூட்டி என்பது துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பகுதியில் நடுவே பொருத்தப்படும் சிறு உலோகக் கிண்ணம் ஆகும். இது பிரைமர் எனவும், பேச்சு வழக்கில் கேப்பு எனவும் அழைக்கப்படுகிறது. துப்பாக்கியின் ஊசி மோதியதும் கிண்ணத்தினுள் உள்ள கலவை நசுங்கித் தீப்பற்றுகிறது. அச்சுடர் உறையின் அடியிலுள்ள துளை வழியாகப் பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கிறது. தீபாவளியின்போது சிறுவர்கள் கல்லால் தட்டி வெடிக்கும் பொட்டு வெடியும் இதே தத்துவத்தில் அமைந்ததே.

வரலாறு

தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட 1805 ஆம் ஆண்டில் எரியூட்டி என்ற பொருளே இல்லை. அக்காலத் துப்பாக்கிகள் எரியும் திரியாலோ சக்கிமுக்கிக் கல்லின் பொறியாலோ இயங்கின. மழையில் நனைந்தால் பயன்படா. அடியால் பற்றும் கலவையைக் கொண்டு சுடும் முறைக்கு இசுக்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807 இல் காப்புரிமை பெற்றார். பின்னர் செப்புக் கேப்புகள் வந்தன. 1866 இல் அமெரிக்கரான ஐரம் பெர்டனும் ஆங்கிலேயரான எட்வர்டு பாக்சரும் தனித்தனியே இன்றைய இரு வகைகளை உருவாக்கினர். பாக்சர் வகையில் கலவை நசுங்குவதற்கான பட்டடை எரியூட்டிக்குள்ளேயே இருக்கும். உறையில் நடுத்துளை ஒன்றே. பெர்டன் வகையில் பட்டடை உறையின் பகுதி. பொதுவாகத் துளைகள் இரண்டு. விந்தை யாதெனில், ஆங்கிலேயரின் வகை அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரின் வகை ஐரோப்பிய, ஆசியப் படைகளில் பரவியது.

அளவும் தெரிவும்

சுட்டு முடிந்த உறையில் புதிய எரியூட்டி, மருந்து, குண்டு ஆகியவற்றை இட்டு மீண்டும் தோட்டாவாக்குவது கைநிரப்பல் எனப்படும். பழைய எரியூட்டியை நடுத்துளை வழியே ஓர் ஊசியால் எளிதில் தள்ளிவிடலாம் என்பதால் பாக்சர் உறைகளே இதற்கு விரும்பப்படுகின்றன.

பெரிய எரியூட்டி இட்டால் குண்டு வேகமாகச் செல்லும் என்று கருதுவது தவறு. அளவைத் தீர்மானிப்பது நிரப்புபவர் அல்லர். உறையின் அடியிலுள்ள குழியே. துமுக்கி உறைகளில் இரு அளவுகளே பெருவழக்கு: சிறியது 4.45 மி.மீ. விட்டமும் பெரியது 5.33 மி.மீ. விட்டமும் கொண்டவை. .223 ரெமிங்டன் சிறியதையும் .308 வின்செஸ்டர், .30-06 ஆகியவை பெரியதையும் ஏற்கின்றன. உண்மையில் தெரிவுக்கு இடமுள்ளது 6.5 கிரீட்மூர் போன்ற சில தோட்டாக்களில்தான். இவற்றுக்கு இருவகைக் குழிகளுடனும் உறைகள் விற்கப்படுகின்றன. சிறு குழியுள்ள உறையின் அடி வலிமை மிக்கது. உயர் அழுத்தத்தில் குழி எளிதில் தளராது. கடுங்குளிரில் மட்டும் சிறிய எரியூட்டி மிகுதியான மருந்தைச் சரிவரப் பற்றவைக்காமல் போகலாம். சேலம் சமவெளியின் வெயிலில் இக்கவலை எழாது. அங்கு கவனிக்க வேண்டியது, வெப்பம் கூடக்கூட மருந்தின் அழுத்தமும் கூடும் என்பதே.

விபத்துக்கு இடமளிப்பது விட்டம் அன்று, வகை. சிறிய கைத்துப்பாக்கி எரியூட்டியும் சிறிய துமுக்கி எரியூட்டியும் ஒரே விட்டமுடையவை. கண்ணால் வேறுபடுத்துவது கடினம். முன்னதன் கிண்ணத் தகடு பொதுவாக மெல்லியது. அதனைத் துமுக்கித் தோட்டாவில் இட்டால் ஊசி துளைத்து, சுடுவளி பின்னோக்கிச் சுடுபவரின் முகத்தில் பாயக்கூடும். பெரிய அளவில் துமுக்கி வகை ஏறத்தாழ 0.2 மி.மீ. உயரம் கூடியது, கைத்துப்பாக்கி உறையில் அது வெளியே துருத்தி நிற்கும். துருத்திய எரியூட்டி, விசையை இழுக்கும் முன்பே வெடிக்க வாய்ப்புண்டு. எனவே எரியூட்டிகளை அவை வந்த பெட்டியிலிருந்து வேறு புட்டிக்கு மாற்றுவதில்லை.

போட்டிகளில் பயன்படும் .22 விளிம்புத் தோட்டாவில் தனி எரியூட்டி இல்லை. கலவை உறையின் விளிம்பிலேயே உள்ளது.

இந்தியாவில்

ஆயுதச் சட்டம், 1959 தோட்டாவின் உறுப்புகளையும் தோட்டாவாகவே வரையறுக்கிறது. ஆகவே எரியூட்டியை வைத்திருக்கவும் உரிமம் தேவை. தோட்டா தயாரிப்புக்குத் தனி உரிமம் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இச்சட்டத்தின் 13 ஆம் பிரிவு இடமளிக்கிறது. மரவள்ளியும் நிலக்கடலையும் விளையும் சேலம், நாமக்கல் நிலங்களில் காட்டுப்பன்றித் தொல்லை உண்டு. எனினும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 நடைமுறையில் உள்ளதால், துப்பாக்கி உரிமம் என்பது பன்றியைச் சுடும் உரிமை ஆகாது.

கொல்லிமலை முதலிய மலைப்பகுதிகளில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகள் கைப்பற்றப்படும் செய்திகள் அவ்வப்போது வெளிவருகின்றன. வாய்வழி நிரப்பும் இத்துப்பாக்கிகளில் கேப்பு, குழலின் பின்புறமுள்ள சிறு குழாய் முனையின்மேல் தொப்பிபோல் அமர்கிறது. தளர்வான கேப்பு நடக்கும்போதே விழுந்துவிடும். இறுக்கமானது முழுவதும் அமராது. சுத்தியலின் முதல் அடி அதனை அமர்த்துவதிலேயே செலவாகும். அவ்வாறு வெடிக்காத துப்பாக்கியினுள் மருந்தும் ரவையும் அப்படியே இருக்கும். சில வேளைகளில் மருந்து தாமதமாகப் பற்றுவதும் உண்டு. அதனால் குழலின் வாயை ஆளில்லாத் திசையில் குறைந்தது ஒரு நிமிடம் வைத்திருந்த பின்னரே பழைய கேப்பை அகற்ற வேண்டும்.