கலைஞருக்குக் கதவு திறந்த ஆலயம்



ஓர் ஆலயம் யாருக்காகத் திறந்திருக்க வேண்டும்? ஞாயிறு வழிபாட்டிற்கு வருகிறவர்களுக்காக மட்டுமா, அல்லது அதன் வாசலை மிதிக்க ஒருநாளும் நினைக்காதவர்களுக்காகவுமா? ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் நகரில் ஒரு சிறிய சபை இந்தக் கேள்விக்குத் தன் செயலால் பதில் சொன்னது. அது கத்தோலிக்கச் சபை அன்று, பாப்டிஸ்ட் மரபில் வந்த ஒரு சகோதர சபை. அவர்கள் செய்த எல்லாவற்றையும் நாம் ஏற்க முடியாது. ஆயினும் அவர்களுடைய வரலாறு நம் மனச்சான்றைத் தொடுகிறது.

அந்த ஆலயத்தின் பெயர் ஜட்சன் நினைவு ஆலயம். அது நியூயார்க்கில் கிரீன்விச் வில்லேஜ் எனப்படும் பகுதியில், வாஷிங்டன் சதுக்கத்தின் தென்புறத்தில் நிற்கிறது.

எல்லையில் எழுந்த ஆலயம்

பர்மா நாட்டில் மறைப்பணியாற்றி, விவிலியத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்தவர் அடோனிராம் ஜட்சன். 1788-ல் பிறந்த அவருடைய நூற்றாண்டு நினைவாக, அவர் மகன் எட்வர்ட் ஜட்சன் என்ற போதகர் இந்த ஆலயத்தை எழுப்பினார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் வைட் வரைபடம் தந்தார். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை ஜான் லா ஃபார்ஜ் வடிவமைத்தார். எண்ணெய்த் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்த ஜான் ராக்ஃபெல்லர் நிதியுதவி செய்தார். 1893-ல் பணி நிறைவுற்றது.

இடத்தைத் தேர்ந்ததிலேயே எட்வர்ட் ஜட்சனின் எண்ணம் விளங்குகிறது. அன்று சதுக்கத்தின் வடபுறம் செல்வர்களின் வீடுகள் இருந்தன. தென்புறத் தெருக்களில் கப்பலேறி வந்த இத்தாலியக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. இரு சாராரும் சந்திக்கும் எல்லையில் ஆலயம் நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். இத்தாலிய நாட்டு ஆலயங்களை நினைவூட்டும் உயர்ந்த மணிக்கோபுரம் அதற்கு அமைந்தது. 1920-களில் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ உதவி கிடைத்தது.

காலப்போக்கில் செல்வர்கள் நகரின் வேறு பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். குறைந்த வாடகைக்கு அறை கிடைத்ததால் எழுத்தாளர்களும் ஓவியர்களும் பாடகர்களும் அந்தத் தெருக்களில் குடியேறினர். வழக்கமான வேலை, வழக்கமான குடும்ப வாழ்வு ஆகியவற்றின் கட்டுகளை விரும்பாமல், கலைக்காக வறுமையையும் ஏற்று வாழ்ந்த இவர்களை மேலைநாட்டார் போஹீமியர் என்று அழைப்பர். அவர்களுள் பலர் ஆலயத்தை விட்டு வெகுதூரம் போனவர்கள். சிலர் ஆலயத்தின்மேல் கோபம் கொண்டவர்கள்.

அயலார் மாறிவிட்டால் ஆலயம் என்ன செய்யும்? பழைய மக்களைத் தேடி இடம் பெயரலாம். கதவைச் சாத்திக்கொண்டு பழம்பெருமை பேசலாம். ஜட்சன் சபை மூன்றாவது வழியைத் தேர்ந்தது.

இரண்டு கொள்கைகள்

1956-ல் அங்குத் தலைமைப் போதகராக வந்தவர் ஹோவர்ட் மூடி. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க மரீன் படையில் பணியாற்றியவர் அவர். 1992 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1961-ல் வாஷிங்டன் சதுக்கத்தில் நாட்டுப்புறப் பாடகர்கள் பாடுவதற்கு நகர நிர்வாகம் தடை விதித்தபோது, அவர் பாடகர்களின் பக்கம் நின்றார். அதே ஆண்டில் இறையியல் படிப்பை முடித்து வந்த இசைக்கலைஞர் ஆல் கார்மைன்ஸ் துணைப் போதகராகச் சேர்ந்தார். கலைப்பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1961 நவம்பரில் ஜட்சன் கவிஞர் நாடக அரங்கு தொடங்கியது. அப்போது இரண்டு கொள்கைகள் வகுக்கப்பட்டன. சமய நாடகம் போடுவது இந்த அரங்கின் நோக்கமன்று என்பது முதலாவது. ஏற்றுக்கொண்ட நாடகத்தில் பின்னர் கத்தரி வைப்பதில்லை என்பது இரண்டாவது.

இதைக் கேட்கும்போது நமக்குத் திகைப்பு வரலாம். ஆலயத்தில் நடக்கும் நாடகம் சமய நாடகமாக இருக்கக்கூடாதா? நாம் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடம் கொடுக்கிறோம் என்பதற்காகக் கலைஞன் போலியாகப் பக்தி வேடம் போடுவதை அவர்கள் விரும்பவில்லை. பசித்தவனுக்கு உணவிடும்போது செபம் சொன்னால்தான் சோறு என்று நாம் சொல்வதில்லை அல்லவா? அவ்வாறே, விருந்தோம்பலைத் தூண்டிலாக மாற்றக்கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

குப்பையும் நடையும்

நாடக அரங்கிற்கு முன்னரே, ஆலயத்தின் பின்புறமிருந்த மாணவர் விடுதியின் கீழ்த்தளத்தில் ஓர் ஓவியக்கூடம் திறக்கப்பட்டிருந்தது. 1960-ன் தொடக்கத்தில் கிளேஸ் ஓல்டன்பர்க் என்ற இளைஞர் அங்கே ‘தெரு’ என்ற படைப்பை வைத்தார். அட்டை, செய்தித்தாள், சாக்குத்துணி, தெருவில் கிடந்த கழிவுப் பொருள்கள் ஆகியவற்றால் ஆனது அது. ஏழைத் தெருவின் அழுக்கும் நெரிசலும் காண்போர் கண்முன் வந்து நின்றன. பின்னாளில் ஓல்டன்பர்க் உலகப் புகழ்பெற்ற சிற்பியானார்.

நடனத்தின் கதை இன்னும் வியப்பானது. ராபர்ட் டன் என்ற இசைக்கலைஞரிடம் நடன அமைப்புப் பயின்ற சில இளைஞர்களுக்குத் தங்கள் படைப்புகளை அரங்கேற்ற இடம் தேவைப்பட்டது. யுவோன் ரெய்னர், ஸ்டீவ் பாக்ஸ்டன், ரூத் எமர்சன் ஆகிய மூவரும் கார்மைன்ஸிடம் வந்து தங்கள் ஆடல்களைக் காட்டினர். அனுமதி கிடைத்தது. 1962 சூலை 6 அன்று, கடுங்கோடை இரவில், மூன்று மணி நேரத்திற்கும் மேலாக முதல் நிகழ்ச்சி நடந்தது.

இந்தக் குழுவினர் ஆடியது பலருக்கு ஆட்டமாகவே தோன்றவில்லை. நடப்பது, ஓடுவது, உட்காருவது, பாரம் தூக்குவது போன்ற அன்றாட அசைவுகளே அவர்களுக்கு நடனமாயின. ரெய்னரின் 1963-ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்றில் ஒரு மெத்தையைச் சுமந்து செல்வதும் இடம்பெற்றது. நடனப் பயிற்சி இல்லாத ஓவியர்களும் இசைஞர்களும் சேர்ந்துகொண்டனர். 1964 வரை செயல்பட்ட இக்குழு, உலக நடனக் கலையின் போக்கையே மாற்றியது என்று கலை வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். 2018-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் இக்குழுவிற்கென ஒரு பெரிய கண்காட்சியை நடத்தியது.

திருவழிபாட்டில் வளர்ந்த நமக்கு இது முற்றிலும் புதிதன்று. எழுந்து நிற்பதும், மண்டியிடுவதும், பவனியாக நடப்பதும், காணிக்கையை ஏந்தி வருவதும் நம்மிடையே செபமாகின்றன. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சாதாரணச் செயல் அன்பின் அடையாளமாகிறது. மனித உடலின் எளிய அசைவுக்கும் மாண்பு உண்டு என்பதை, நம்பிக்கை இல்லாதோரும் தம் வழியில் தேடிக் கண்டனர்.

கொடுத்த விலை

இடம் கொடுப்பது எளிதன்று. 1970 நவம்பரில் வியட்நாம் போருக்கும் கொடி அவமதிப்புச் சட்டங்களுக்கும் எதிராக, அமெரிக்கக் கொடியை மையப்படுத்திய ஓவியக் கண்காட்சி ஜட்சன் ஆலயத்தில் நடந்தது. சில நாள்களிலேயே அதிகாரிகள் அதை மூடினர். ஃபெய்த் ரிங்கோல்ட், ஜான் ஹென்ட்ரிக்ஸ், ஜான் டோஷ் என்ற மூன்று கலைஞர்கள் கைதாகித் தண்டிக்கப்பட்டனர். நாட்டுக் கொடியின்மீது பற்றுக்கொண்ட எளிய விசுவாசிகளின் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்பதை நாம் உணர முடிகிறது. கத்தரி வைப்பதில்லை என்று ஒரு சபை வாக்குக் கொடுத்தால், தனக்குப் பிடிக்காததையும் தாங்க வேண்டிவரும்.

நாம் உடன்பட முடியாதவையும் உண்டு. 1967-ல் கருக்கலைப்பு நாடிய பெண்களுக்கு வழிகாட்டும் குருக்கள் அமைப்பை உருவாக்குவதில் மூடி முன்னின்றார். கருவில் உள்ள உயிரின் புனிதத்தைப் போற்றும் நம் திருச்சபை இதை ஏற்காது. ஒரு சபையின் விருந்தோம்பலை மதிப்பது, அதன் எல்லா முடிவுகளையும் மதிப்பதாகாது.

நம் திருச்சபையின் நோக்கு

கலையைப் பற்றி நம் திருச்சபை என்ன சொல்கிறது? சந்திப்புக் கூடாரத்தைச் செய்ய அழைக்கப்பட்ட பெட்சலேலை ஆண்டவர் தம் ஆவியால் நிரப்பினார் என்று விடுதலைப் பயண நூல் 31-ஆம் அதிகாரம் கூறுகிறது. உடன்படிக்கைப் பேழைமுன் ஆடிய தாவீதைச் சன்னலிலிருந்து பார்த்து இகழ்ந்த மீக்காலையும் நாம் அறிவோம். கைத்திறனும் ஆடலும் விவிலியத்திற்கு அந்நியமல்ல.

ஜட்சன் ஆலயத்தில் இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1964 மே 7 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் சிஸ்டின் சிற்றாலயத்தில் கலைஞர்களைச் சந்தித்தார். கலைஞர்கள்மீது திருச்சபை தன் பாணியைச் சுமத்தியதற்காக அவர்களிடம் மன்னிப்பு வேண்டினார். 1999 உயிர்ப்புப் பெருவிழாவன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கலைஞர்களுக்கு எழுதிய மடலில், சமயக் கலையின் எல்லைக்கு வெளியிலும் உண்மையான கலைக்கும் விசுவாசத்திற்கும் உறவு உண்டு என்று எடுத்துரைத்தார்.

அதே வேளையில் திருச்சபை ஓர் எல்லையும் வகுக்கிறது. புனித இடத்தில் வழிபாட்டிற்கும் பக்திக்கும் உதவுபவையே நடக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1210. இடத்தின் தூய்மைக்கு மாறுபடாத பிற நிகழ்ச்சிகளுக்கு, அவ்வப்போது, உரிய மேலதிகாரி அனுமதி தரலாம். ஆலயங்களில் இசை நிகழ்ச்சிகள் பற்றி 1987-ல் திருப்பீடம் விடுத்த மடல், நுழைவு இலவசமாக இருக்க வேண்டும், கலைஞர்கள் திருப்பீட முற்றத்தில் நிற்கக்கூடாது என்ற நெறிகளைத் தருகிறது. நற்கருணை ஆண்டவர் உறையும் இடத்தை நாம் பொது அரங்கமாகக் கருத முடியாது. ஜட்சன் சபைக்கு இந்தக் கேள்வி நம்மைப் போல் எழவில்லை.

ஆனால் இந்த எல்லை நமக்குச் சாக்காகிவிடக் கூடாது. ஆலயத்திற்கு அப்பால் பங்குகளுக்கு மன்றங்களும் வகுப்பறைகளும் திறந்த முற்றங்களும் உள்ளன. திருமணமும் கூட்டமும் இல்லாத நாள்களில் பல மன்றங்கள் பூட்டிக் கிடக்கின்றன. பறை கற்கும் இளைஞருக்கும், ஒத்திகைக்கு இடம் தேடும் நாடகக் குழுவிற்கும், வீட்டில் இடமில்லாத ஓவிய மாணவிக்கும் அவற்றின் சாவி கிடைக்குமா? அவர்கள் கோவிலுக்கு வராதவர்களாக இருந்தாலும் கிடைக்குமா? எதை அனுமதிப்போம், எதை அனுமதிக்க மாட்டோம் என்பதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லிவிட்டால், பாதியில் நிறுத்திப் புண்படுத்தும் நிலை வராது.

ஜட்சன் ஆலயத்தில் இன்றும் ஞாயிறு வழிபாடு நடக்கிறது. அதன் மணிக்கோபுரமும் அதையொட்டிய கட்டடமும் நியூயார்க் பல்கலைக்கழகத்திற்குச் சொந்தமாகிவிட்டன. ஆயினும் நடனக் கலைஞர்களுக்கான திங்கட்கிழமை மாலை நிகழ்ச்சிகள் 1991-ல் அங்கே தொடங்கி, இலவசமாக நடந்து வந்துள்ளன.

வரும் பங்குப்பேரவைக் கூட்டத்தில் நம் மன்றத்தின் சாவியைப் பற்றி ஒருமுறை பேசிப் பார்ப்போம். அந்நியரை வரவேற்க மறவாதிருக்க எபிரேயர் திருமுகம் நமக்கு நினைவூட்டுகிறது. அழகின் ஊற்றாகிய இறைவன் நம் ஆலோசனைகளை வழிநடத்துவாராக.