லோஹேகாவில் மனை வாங்கலாமா? விலையை உயர்த்திய விமான நிலையமே கட்டடத்தின் உயரத்தையும் தீர்மானிக்கிறது!

லோஹேகாவ் (புனே): மகாராஷ்டிர மாநிலம் புனே நகரின் வடகிழக்கே உள்ள லோஹேகாவ், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வேளாண்மையை நம்பியிருந்த கிராமம். வார்கரி பக்தி மரபின் பெரும் கவிஞரான துறவி துக்காராமின் தாய் பிறந்த ஊர் என்பது இதன் பழம்பெருமை. இன்று இவ்வூரின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது புனே விமான நிலையமும், அதைச் சுற்றி எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுமே.

கராடி, விமான் நகர் ஆகிய அண்டைப் பகுதிகளில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியதால், வெளிமாநிலங்களிலிருந்து பணிக்கு வருவோரும் இங்கு வீடு, மனை தேடுகின்றனர். ஆனால், இவ்வூர் நிலத்தின் மதிப்பைச் சந்தை விலையை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது. நில ஆவணம், கட்டடத்துக்கு அனுமதிக்கப்படும் உயரம், சாலை மற்றும் குடிநீர் வசதி ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

கிராமம் நகரமானது எப்படி?

லோஹேகாவில் 1939-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் அமைக்கப்பட்டது. பம்பாய் நகருக்கு வான் பாதுகாப்பு அளிப்பதே அதன் நோக்கம். விடுதலைக்குப் பின் அத்தளம் இந்திய விமானப்படையின் வசம் வந்தது. சுகோய்-30 எம்கேஐ ரகப் போர் விமானங்கள் 2002-ஆம் ஆண்டு முதன்முதலில் படையில் சேர்க்கப்பட்டதும் இங்குதான்.

பயணிகள் விமானங்களும் விமானப்படைக்குச் சொந்தமான இதே ஓடுபாதையையே பயன்படுத்துகின்றன. ஓடுபாதையைச் சீரமைப்பதற்காக 2021 அக்டோபரில் 14 நாட்கள் விமானச் சேவை முழுவதும் நிறுத்தப்பட்டது. புதிய முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 மார்ச் 10 அன்று திறந்து வைத்தார். அதே ஆண்டு ஜூலையில் அது பயணிகளின் பயன்பாட்டுக்கு வந்தது. விமான நிலையத்துக்குத் துக்காராமின் பெயரைச் சூட்டும் பரிந்துரைக்கு மாநில அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது.

இதற்கிடையே, 2017 அக்டோபரில் புனே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 11 கிராமங்களில் லோஹேகாவும் ஒன்று. கிராமப் பஞ்சாயத்து நிர்வாகம் முடிவுக்கு வந்து, சொத்து வரியும் கட்டட அனுமதியும் மாநகராட்சியின் பொறுப்பாயின.

'சாத்-பாரா' சொல்வது என்ன?

தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல் பார்ப்பதைப் போல, மகாராஷ்டிரத்தில் 'சாத்-பாரா' (7/12) எனப்படும் ஆவணத்தைப் பார்க்க வேண்டும். கிராமப் படிவம் 7 நில உரிமையாளர்களையும், படிவம் 12 சாகுபடி விவரத்தையும் காட்டும். பழைய ஊர்க் குடியிருப்புப் பகுதியான 'காவ்டாண்', தமிழ்நாட்டின் நத்தம் போன்றது. நகர அளவை முடிந்த இடங்களில் அதற்குச் சொத்து அட்டை வழங்கப்படுகிறது.

பல குடும்பங்களில் பாட்டன் பெயரிலிருந்த நிலம் இன்று வாரிசுகள் பலரின் பெயரில் கூட்டாக நிற்கிறது. அவர்களுள் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு விற்ற மனை, பின்னாளில் மற்ற பங்குதாரர்களால் வழக்குக்கு உள்ளாகக்கூடும். எனவே, 'ஃபேர்ஃபார்' எனப்படும் பெயர் மாற்றப் பதிவுகளையும் தொடக்கம் முதல் சரிபார்ப்பது அவசியம்.

மற்றொரு சிக்கல் 'குந்தா' மனைகள். ஒரு குந்தா என்பது 1,089 சதுர அடி, அதாவது இரண்டரை சென்ட். 40 குந்தா சேர்ந்தால் ஓர் ஏக்கர். அடுக்குமாடி வீட்டின் விலைக்கு வழியில்லாத குடும்பங்கள் ஒன்றிரண்டு குந்தா வாங்கிச் சொந்தமாக வீடு கட்ட முனைகின்றன. ஆனால், வேளாண் நிலத்தை மிகச் சிறு துண்டுகளாகப் பிரிப்பதை 1947-ஆம் ஆண்டின் நிலத் துண்டாடல் தடுப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. விவசாயி அல்லாதவர் வேளாண் நிலம் வாங்குவதை 1948-ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. நகர எல்லைக்குள் விலக்குகள் இருந்தாலும், அவை குறிப்பிட்ட நிலத்துக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞர் மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நகர்ப்புறங்களில் ஏற்கெனவே துண்டாடப்பட்ட சிறு மனைகளை முறைப்படுத்த மாநில அரசு 2025-ஆம் ஆண்டு நடவடிக்கை எடுத்தது. எனினும், ஆவணம் முறையாவதால் மட்டுமே அந்த மனைக்குச் சாலையும் கட்டட அனுமதியும் கிடைத்துவிடாது.

எவ்வளவு உயரம் கட்டலாம்?

விமான நிலையங்களைச் சுற்றிய கட்டடங்களின் உயரத்தை மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. லோஹேகாவ் ஓடுபாதை விமானப்படையினுடையது என்பதால், உயரத்துக்கான தடையில்லாச் சான்றைப் பாதுகாப்புத் துறையிடமே பெற வேண்டும். இதைத் தவிர, பாதுகாப்பு நிலைகளை ஒட்டிய நிலங்களில் கட்டுமானத்தைத் தடுக்க 1903-ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டமும் அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

சான்றில் குறிப்பிடப்படும் உயரம் தரையிலிருந்து அளக்கப்படுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. புனே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 592 மீட்டர் உயரத்தில் உள்ளது. சர்வதேச விதிமுறைப்படி, பெரிய ஓடுபாதையைச் சுற்றி சுமார் 4 கிலோமீட்டர் வரை விமான நிலைய மட்டத்துக்கு மேல் 45 மீட்டர் என்பது பொதுவான வரம்பு. அதன்படி உச்ச வரம்பு 637 மீட்டர். மனை அமைந்த தரையே 600 மீட்டர் உயரத்தில் இருந்தால், எஞ்சுவது 37 மீட்டர் மட்டுமே. மாடித் தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி அறை, ஆன்டெனா ஆகியவையும் அதற்குள் அடங்க வேண்டும்.

ஓடுபாதை முனைகளுக்கு நேர் எதிரே வரம்பு இன்னும் கடுமையாகும். அங்கு ஒவ்வொரு 50 மீட்டர் தொலைவுக்கும் 1 மீட்டர் வீதமே உயரம் கூடும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஓடுபாதை மட்டத்துக்கு மேல் சுமார் 20 மீட்டர், அதாவது ஆறு மாடிக் கட்டடம் அளவுக்கே இடமிருக்கும். ஒரே ஊரில், ஒரே விலை சொல்லப்படும் இரு மனைகளின் உண்மையான பயன்மதிப்பு பெரிதும் வேறுபடுவது இதனால்தான். இவை பொது வரம்புகள் மட்டுமே. ஒவ்வொரு மனைக்கும் சான்றில் உள்ள எண்ணே இறுதியானது.

தண்ணீர், சாலை, இரைச்சல்

புனேவின் கிழக்குப் பகுதிகளுக்காகத் தொடங்கப்பட்ட பாமா ஆஸ்கேட் அணைக் குடிநீர்த் திட்டம் 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செயல்பாட்டுக்கு வந்தது. இருப்பினும், குழாய் இணைப்பு எட்டாத குடியிருப்புகள் டேங்கர் லாரியையே நம்ப வேண்டியுள்ளது. வீட்டின் விலையோடு மாதந்தோறும் ஆகும் தண்ணீர்ச் செலவையும் கணக்கில் சேர்ப்பது நல்லது. போர் விமானங்களின் இரைச்சலை அறிய, பயிற்சி நடைபெறும் பகல் வேளையில் ஒருமுறையாவது மனையை நேரில் சென்று பார்க்க வேண்டும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீடுகளுக்கு மேலாக அமையும் திட்டங்கள், மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரேராவில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு எண்ணைக் கொண்டு அந்த ஆணையத்தின் இணையதளத்தில் திட்டத்தின் விவரங்களைச் சரிபார்க்கலாம்.

புதிய விமான நிலையம் வந்தால்?

புனே மாவட்டத்தின் புரந்தர் வட்டத்தில் புதிய சர்வதேச விமான நிலையம் அமைக்க மாநில அரசு திட்டமிட்டுள்ளது. நிலம் கையகப்படுத்துவதற்கு அங்குள்ள விவசாயிகள் 2025-ஆம் ஆண்டில் எதிர்ப்புத் தெரிவித்தனர். அது செயல்பாட்டுக்கு வந்து பயணிகள் விமானங்கள் இடம் மாறினால், 'விமான நிலையம் அருகில்' என்ற காரணத்தால் லோஹேகாவ் நிலத்துக்குக் கிடைத்த கூடுதல் விலை குறைய வாய்ப்புண்டு. ஆனால், விமானப்படைத் தளம் இருக்கும் வரை உயரக் கட்டுப்பாடு நீங்காது.

நிலத்தை விற்றுவிட்ட விவசாயக் குடும்பத்துக்கு அது திரும்பாத முதல். வாங்கும் குடும்பத்துக்கோ பல ஆண்டுச் சேமிப்பு. எனவே, முன்பணம் கொடுப்பதற்கு முன் 'சாத்-பாரா', நில வகைப்பாடு, உயரச் சான்று, அணுகு சாலை ஆகிய நான்கையும் கேட்டுப் பெற வேண்டும். இவற்றுள் ஒன்றையேனும் காட்ட விற்பவர் தயங்கினால், அந்த மனையின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது மலிவானதாகாது.