வாடகை சர்வரில் சொந்தத் தளம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குள் நுழைவதற்கு முன் வருகிறது பென்னலூர். 1985-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. அதன் பிறகு ஒரகடம் வரைக்கும் சிப்காட் வளாகங்கள் நீண்டுவிட்டன. இந்த ஆலைகளில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர்களிடம் இருக்கும் அறிவில் பெரும்பகுதி அச்சில் ஏறாதது. நைட் ஷிஃப்டில் கன்வேயர் நின்றால் முதலில் எந்த சென்சாரைத் துடைத்துப் பார்க்க வேண்டும், சர்வோ டிரைவ் ஒரே அலாரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் கோளாறு கேபிளிலா மோட்டாரிலா என்பதெல்லாம் அனுபவத்தில் வருவது. இன்று அது வாட்ஸ்அப் குழுக்களில் கொட்டிக் கிடக்கிறது. அருமையான பதில்கள்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து வந்து சேரும் அப்ரண்டிஸால் அவற்றைத் தேடி எடுக்க முடியாது.

கேள்வி ஒரு தலைப்பாகவும் பதில்கள் அதன் கீழ் வரிசையாகவும் நிலைத்து நிற்கும் விவாதத் தளம் ஒன்றை நாமே ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? அதற்கான மென்பொருள் இலவசம். அதை ஏற்றுவதற்கு ஒரு கிளவுட் சர்வர் வேண்டும். அந்த சர்வர் என்ன என்று தெரிந்துகொண்டால் மீதி வேலையில் பாதி பயம் போய்விடும்.

கிளவுட் என்ற பெயரைக் கேட்டால் எங்கோ வானத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அது தரையில்தான் இருக்கிறது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் உள்ள டேட்டா சென்டர்களில், ஆளுயர இரும்பு ரேக்குகளில், பீட்சா டப்பாபோலத் தட்டையான கணினிகள் அடுக்கடுக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் போனால் யுபிஎஸ்ஸும் அதன் பின் டீசல் ஜெனரேட்டரும் தாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒரு பெரிய கணினியை முழுதாக நமக்குத் தருவதில்லை, பங்கு போட்டுத்தான் தருகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காகக் கட்டியிருக்கும் லைன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கூரை, ஒரே தண்ணீர் மோட்டார், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பூட்டு, தனி மீட்டர். கிளவுட் சர்வர் அந்த மாதிரி ஒரு வீடு. சுவர் எழுப்பும் வேலையைச் செய்வது ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள். ஒரே பிராசஸரையும் நினைவகத்தையும் பிரித்து, ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கணினி என்றே எண்ணிக்கொள்ளும்படி அது பார்த்துக்கொள்கிறது.

இந்த யோசனை புதிதில்லை. ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்காக விஎம்/370 என்ற அமைப்பை 1972-லேயே வெளியிட்டது. அமேசான் 2006-இல் இப்படிப்பட்ட பங்குகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2007-இல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸ் இயங்குதளத்தின் கர்னலிலேயே சேர்ந்தது. பெரிய நிறுவனங்கள் மட்டும் வைத்திருந்த வசதி இப்படித்தான் படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் கிடைத்தது. இன்று 2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு பங்கு மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது.

எந்த ஊரில் எடுப்பது? இதற்கு விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம், ஒரு சின்னக் கணக்குப் போதும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பென்னலூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 300 கிலோமீட்டர், போய்வர 3 மில்லி விநாடி. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூர் போகும் கேபிள் 3,200 கிலோமீட்டரை ஒட்டியது, போய்வர 32 மில்லி விநாடி. அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் 200-ஐத் தாண்டிவிடும். ஒரு பக்கம் திறக்கப் பல தடவை போய்வர வேண்டியிருப்பதால் இந்தத் தாமதம் கூடிக்கொண்டே போகும். இயந்திரம் நிற்கும்போது கையில் போனை வைத்துக்கொண்டு பதில் தேடுபவருக்கு அது உறைக்கும். மும்பையோ பெங்களூரோ சென்னையோ, இந்தியாவுக்குள் எடுப்பதே சரி.

பணம் கட்டியதும் ஓர் ஐபி முகவரி வரும். உள்ளே போக எஸ்எஸ்எச் என்ற வழி. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொல் திருட்டு நடந்ததைப் பார்த்து, தாத்து யூலோனன் என்ற ஆய்வாளர் 1995-இல் எழுதியது அது. இங்கே புதியவர்களை அதிரவைக்கும் ஒரு காட்சி உண்டு. சர்வர் பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதன் பெயர் யாருக்கும் தெரியாது. அப்போதே உள்நுழைவுப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ‘ரூட்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’, ‘உபுண்டு’, ‘ஆரக்கிள்’ என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, உலகின் ஏதேதோ மூலைகளிலிருந்து யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். மனிதர்கள் யாரும் இல்லை, எல்லாம் தானியங்கி நிரல்கள். எந்த முகவரியில் எளிய கடவுச்சொல் இருக்கிறது என்று இணையம் முழுவதையும் அவை சலித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே முதல் வேலை, கடவுச்சொல்லால் நுழையும் வழியையே மூடிவிட்டுச் சாவிக் கோப்பால் மட்டும் நுழைவது. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

விவாதத் தளத்துக்கு இன்று பலரும் எடுப்பது டிஸ்கோர்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள். 2013-இல் வெளிவந்தது. அதன் உள்ளே பதிவுகளைச் சேமிக்க போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அவசர நினைவுக்கு ரெடிஸ், பக்கங்களை உருவாக்க ரூபியில் எழுதிய நிரல் என்று பல உறுப்புகள் உண்டு. எல்லாவற்றையும் கன்டெய்னர் என்ற ஒரே பெட்டிக்குள் கட்டி, டாக்கர் என்ற கருவி வழியாகத் தருவதால், நிறுவுவது சில கேள்விகளுக்குப் பதில் சொல்வதோடு முடிந்துவிடுகிறது.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். 1 ஜிபி நினைவகத்திலும் இது ஓடும் என்பது உண்மை. ஆனால் கட்டும் நேரத்திலும் ஒவ்வொரு பெரிய அப்டேட்டின்போதும் நினைவகத் தேவை எகிறும். இடம் போதாவிட்டால் லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, அதிகம் தின்னும் நிரலைக் கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சும். வட்டில் 2 ஜிபியை உபரி நினைவகமாக, அதாவது ஸ்வாப்பாக, ஒதுக்கிவைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

டொமைன் பெயர் வாங்குவதும் பாதுகாப்பான இணைப்புக்குச் சான்றிதழ் பெறுவதும் சுலபம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு குறுகிய காலத்துக்குச் செல்லும் சான்றிதழை இலவசமாகத் தருகிறது, டிஸ்கோர்ஸே அதைப் புதுப்பித்துக்கொள்ளும்.

எல்லாரையும் மடக்குவது மின்னஞ்சல்தான். கணக்கு தொடங்கும் ஒவ்வொருவருக்கும் உறுதிப்படுத்தும் மடல் போக வேண்டும். அது போகாவிட்டால் தளம் இருந்தும் இல்லாததுதான். நம் சர்வரிலிருந்தே அனுப்பலாம் என்று பார்த்தால், ஸ்பேம் பயத்தால் பல கிளவுட் நிறுவனங்கள் மடல் வெளியேறும் 25-ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. திறந்து தந்தாலும், அதே ஐபியை முன்பு வாடகைக்கு எடுத்தவர் குப்பை மடல் அனுப்பியிருந்தால் அந்தக் கெட்ட பெயர் நம் தலையில் விடியும். மடல் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் சேவை ஒன்றைப் பிடித்து, 587-ஆம் போர்ட் வழியாக அதனிடம் ஒப்படைப்பதே நல்லது. நம் டொமைனின் பெயரால் மடல் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப், மடல் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி இரண்டையும் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் எழுதிவிட வேண்டும். 2024 பிப்ரவரி முதல், தனக்கு மடல் அனுப்பும் எவரிடமும் இவற்றில் ஒன்றையாவது ஜிமெயில் எதிர்பார்க்கிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு செய்தி. ‘வால்வை’, ‘வால்வில்’, ‘வால்வுக்கு’ என்று வேற்றுமை ஏறிய சொற்களை ஒரே வேரோடு சேர்த்துத் தேடும் தமிழ் வசதி, போஸ்ட்கிரெஸில் 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் தரவுத்தளத்தில் இருப்பதால் மட்டும் பயன் வந்துவிடாது. தேர்ந்தெடுக்கும் மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா என்று சோதித்துவிட்டு இறங்குங்கள். தமிழில் எழுதியது தமிழில் தேடக் கிடைக்காத தளம், வாட்ஸ்அப் குழுவைவிட மேலானது என்று நான் சொல்ல மாட்டேன். இதுபோன்ற வேலைகளில் வழிகாட்டத் தமிழிலேயே எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 2012 முதல் வெளிவரும் கணியம் இதழின் கட்டுரைகள் நல்ல தொடக்கம்.

தளம் நடத்துபவருக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, குறை தீர்க்கும் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் தெரிய வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். சர்வர் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தனக்கு அறிவிக்க வேண்டும் என்பது, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் இட்ட கட்டளை. ஆலைகளில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கம்பெனியின் வரைபடம், பிஎல்சி நிரல், வாடிக்கையாளர் பெயர் எதுவும் தளத்துக்கு வரக் கூடாது. கோளாறின் இயல்பையும் தீர்த்த வழியையும் எழுதினால் போதும். இந்த விதியை முதல் பதிவாகவே போட்டுவிட வேண்டும், ஏனென்றால் வேலை போகும் அபாயம் எழுதியவருக்குத்தான்.

நிறுவுவது ஒரு மாலை வேலை. அதன்பின் வருவது, இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் பழகிப்போன தடுப்புப் பராமரிப்பு. வட்டு நிரம்புகிறதா என்று வாராவாரம் பார்க்க வேண்டும், பாதுகாப்பு அப்டேட் வந்தால் தள்ளிப்போடக் கூடாது. டிஸ்கோர்ஸ் தானே எடுக்கும் பேக்கப் அதே சர்வரில்தான் உட்கார்ந்திருக்கும். சர்வர் போனால் அதுவும் போகும். அதனால் தினமும் ஒரு பிரதி வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு புது சர்வரை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, அந்தப் பிரதியை அதில் ஏற்றி, பழைய பதிவுகள் படங்களோடு திறக்கின்றனவா என்று பாருங்கள். சாவிக் கோப்பும் டொமைன் கணக்கும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும், அவர்கள் வெவ்வேறு ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.