புதிரை அமைப்போரும் தீர்ப்போரும்

செக்கர்ஸ், செஸ் ஆகிய ஆட்டங்களில் ஒரு நிலையைப் புதிதாகக் கற்பனை செய்து, இத்தனை நகர்வில் வெல்க என்று விடுப்பதே புதிர் அமைக்கும் கலை. பழைய மைசூர் அரசின் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இதில் பேரார்வலர். ஒரே குதிரை 64 கட்டங்களையும் தலா ஒரு முறை மட்டும் தொட்டுச் செல்லும் பயணங்களையும் அவர் வகுத்தார்.

உலகப் புதிர்க் கலையில் இந்தியாவின் பெயர் நிலைத்தது வேறொரு புதிரால். இந்தியாவில் பாதிரியாராக இருந்த ஹென்றி அகஸ்டஸ் லவ்டே அமைத்த நான்கு நகர்வுப் புதிர் 1845இல் லண்டன் செஸ் இதழில் வெளியானது. வெள்ளை பிஷப் ஓரத்துக்குப் பின்வாங்கும். அதன் பாதையை வெள்ளை யானையே மறிக்கும். நகர இடமின்றி நின்ற கருப்பு ராஜாவுக்கு அதனால் ஒரு கட்டம் திறக்கும். அங்கே அது போனதும், யானை விலகி மேட் வைக்கும். இதற்கு இன்றும் ‘இந்தியக் கருப்பொருள்’ என்றே பெயர்.

புதிர் அமைக்கும் போட்டிகளில் நடுவர் முதலில் பார்ப்பது பிழையின்மை. அமைத்தவர் எண்ணாத இன்னொரு தீர்வு இருந்தால் புதிர் தள்ளப்படும். லவ்டேயின் புதிரிலும் அந்தக் குறை உண்டு. ஆனாலும் கருத்தின் அழகு அதை வாழவைத்தது. அடுத்தது புதுமை: முன்பே யாரேனும் அமைத்ததா என்று தேடுவார்கள். பிறகு சிக்கனம்: வேலையற்ற ஒரு காய்கூட பலகையில் நிற்கலாகாது. முடிவு முதலில் தற்காலிகமாகவே வெளியாகும். ஆட்சேபங்களைக் கேட்டு ஆராய்ந்த பிறகே பரிசு, சிறப்புக் குறிப்பு, பாராட்டு என்ற வரிசை உறுதியாகும்.