ஓசூர் ரோட்டில் ஆலங்கட்டி மழை... காரில் 23 டென்ட்! க்ளெய்ம் பண்ணலாமா, கைக்காசு போடலாமா?

'டப்... டப்... டப்...'

யாரோ கல் எறிகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம்.

மே மாதம், கோடை விடுமுறை. பெங்களூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு காரில் கிளம்பியிருந்தோம். கிருஷ்ணகிரி வரை வெயில் மண்டையைப் பிளந்தது. சூளகிரியை நெருங்கும்போது வானம் கறுத்து, காற்று சில்லென்று மாறியது. இரண்டே நிமிடம்தான். நெல்லிக்காய் அளவு பனிக்கட்டிகள் கார் கூரையில் விழ ஆரம்பித்தன.

அப்பா காரை ஓரம் கட்டினார். பின் சீட்டில் இருந்த போர்வையை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனார். "போனட்டை மட்டும் மூடிட்டு வந்துடறேன்... பெயிண்ட் எல்லாம் போயிடும்!"

"ஏங்க, மண்டை போனா பரவாயில்லையா?" என்று அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அப்பாவின் பதற்றம் எனக்குப் புரிந்தது. ஐந்து வருட இ.எம்.ஐ. முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 'இப்பதான் இது நம்ம கார்' என்று வீட்டுக்கு வருபவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடத்தில் மழை ஓய்ந்தது. இறங்கிப் பார்த்தால் கூரை, போனட், டிக்கி என்று எங்கும் குழி. தம்பி மொபைல் டார்ச் அடித்து எண்ணினான். மொத்தம் 23!

வெயிலில் ஐஸ் எப்படி?

கீழே எவ்வளவு வெயில் அடித்தாலும், பத்து கிலோமீட்டருக்கும் மேல் வளரும் இடிமேகத்தின் உச்சியில் உறைகுளிர்தான். தரைச் சூட்டால் மேலே கிளம்பும் காற்று, நீர்த்துளிகளை அந்த உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அங்கே உறைந்த துளியின் மேல் இன்னும் நீர் ஒட்டி ஒட்டி உறைய, கட்டி பெரிதாகிறது. காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் விழுந்துவிடுகிறது. மார்ச் முதல் மே வரை இதற்கு ஏற்ற காலம். ஓசூரும் பெங்களூரும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சென்னையை ஒப்பிட்டால், வரும் வழியில் கட்டி உருகக் கிடைக்கும் நேரம் அங்கே குறைவு.

'ஐஸ்தானே' என்று சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1888 ஏப்ரல் 30-ல், இன்றைய உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் பகுதியில் பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் உயிரிழந்தார்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தலைநகர் இஸ்லாமாபாத்தில் பெய்த மழை ஏராளமான கார்களின் கண்ணாடிகளை நொறுக்கியது.

அந்தப் பத்து நிமிடம்... என்ன செய்யலாம்?

* வேகத்தைக் குறைத்து, ஹசார்டு லைட் போட்டு, சாலையை விட்டு நன்றாக விலகி நிறுத்துங்கள். பெட்ரோல் பங்க் கூரை கிடைத்தால் நல்லது. மேம்பாலத்துக்கு அடியில் ஓடும் பாதையிலேயே நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரியாமல் போகலாம்.

* மரத்தடி வேண்டாம். காற்றில் கிளை முறிந்து விழலாம்.

* கட்டிகள் சாய்வாக வந்து அடித்தால், முடிந்தவரை காரின் முன்பக்கம் அந்தத் திசையைப் பார்த்து இருக்கட்டும். முன்கண்ணாடியில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால், விரிசல் விட்டாலும் சிதறாது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படியல்ல. அடி பலமாக இருந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

* குழந்தைகளைக் கண்ணாடியிலிருந்து தள்ளி உட்காரவைத்து, போர்வையால் மூடுங்கள். போர்வைக்கு வேலை காருக்குள்ளேதான், போனட் மேல் இல்லை!

* டூ வீலரில் இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமல், பக்கத்தில் இருக்கும் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

மழை விட்டதும்...

உடனே கிளம்பாதீர்கள். சாலையில் கிடக்கும் கட்டிகளில் டயர் வழுக்கும். முன்கண்ணாடியில் விரிசல் இருந்தால் வைப்பர் போடாதீர்கள், ஹீட்டர் காற்றையும் திருப்பாதீர்கள். பார்வையை மறைக்கும் அளவுக்கு விரிசல் இருந்தால் ஓட்டவே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

பிறகு மொபைலை எடுங்கள். நம்பர் பிளேட் தெரிய காரின் நான்கு பக்கமும் போட்டோ, ஒவ்வொரு டென்ட்டுக்கும் நெருக்கமாக ஒன்று, தரையில் கிடக்கும் கட்டிகள், கூடவே ஒரு வீடியோ. ஐஸ் உருகிவிட்டால் சாட்சி போய்விடும். குழி நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்வான வெளிச்சத்தில்தான் தெரியும்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால், எல்லோருக்கும் இல்லை. சட்டப்படி கட்டாயமான தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால், உங்கள் கார் சேதத்துக்கு ஒரு பைசா வராது. நாம் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று சொல்லும் பாலிசியில் புயல், வெள்ளத்தோடு ஆலங்கட்டி மழையும் அடக்கம்.

அதிலும் சில கழிவுகள் உண்டு. 1,500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000 ரூபாயும் நம் கையிலிருந்து போகும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களை மாற்றினால், 'ஜீரோ டெப்' எடுக்காதவர்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். கண்ணாடிக்கு இந்தத் தேய்மானக் கழிவு கிடையாது. முக்கியமான விஷயம், சர்வேயர் பார்ப்பதற்கு முன் ரிப்பேரை ஆரம்பித்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு

மறுநாள் பெங்களூரில் ஒரு டிங்கரிங் கடைக்குப் போனோம். "பெயிண்ட் எங்கேயும் வெடிக்கலை சார். உள்பக்கமா ராடு விட்டுத் தள்ளியே எடுத்துடலாம். பெயிண்டே அடிக்க வேணாம். 7,500 ஆகும்" என்றார் கடைக்காரர்.

"க்ளெய்ம் போடலாம்" என்றார் அப்பா. அம்மாதான் பேப்பரும் பேனாவும் எடுத்தார்.

ஐந்து வருடம் க்ளெய்ம் போடாததால் அப்பாவுக்கு 50 சதவிகித 'நோ க்ளெய்ம் போனஸ்' இருந்தது. கார் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய் என்றால், அவர் கட்டுவது 4,000 மட்டுமே. க்ளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யமாகிவிடும். மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறித்தான் 50-க்கு வர வேண்டும். பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஐந்து வருடங்களில் கூடுதலாகக் கட்ட வேண்டியது 4,000 + 2,400 + 2,000 + 1,200 + 400. மொத்தம் 10,000 ரூபாய்!

க்ளெய்மில் கைக்கு வருவது அதிகபட்சம் 6,500. அதற்காக 10,000-ஐ இழப்பதா? கைக்காசு போட்டே சரிசெய்தோம்.

இதுவே முன்கண்ணாடி உடைந்து, கூரையே நசுங்கி, பில் 40,000 என்று வந்திருந்தால் யோசிக்காமல் க்ளெய்ம்தான். போனஸைக் காக்கும் கூடுதல் கவர் எடுத்திருந்தாலும் கணக்கு மாறும். அதனால், அன்றைக்கோ மறுநாளோ எஸ்டிமேட் வாங்கி, உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். க்ளெய்ம் என்று முடிவானால், கம்பெனிக்குத் தகவல் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.

டீக்கடையில் ஒரு பெரியவர்

மழை விட்டதும் சூளகிரியில் ஒரு டீக்கடையில் நிறுத்தியிருந்தோம். அப்பா 23 டென்ட்டையும் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு அங்கே மாந்தோப்பு இருக்கிறதாம். "இன்னும் பத்து நாள்ல அறுப்பு வெச்சிருந்தோம் சார். பாதி காய் கீழ கெடக்கு" என்றார்.

அப்பா அதற்குப் பிறகு டென்ட்டைப் பற்றிப் பேசவில்லை. அவர் பையில் இருந்த அடிபட்ட மாங்காய்களில் மூன்று கிலோ வாங்கிக்கொண்டார்.

இன்று கார் பளபளவென்று இருக்கிறது. டிக்கி ஓரத்தில் ஒரே ஒரு குழி மட்டும் ராடு எட்டாததால் அப்படியே நிற்கிறது. "இருக்கட்டும் விடு" என்கிறார் அப்பா. மாங்காய் ஊறுகாய் மட்டும் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது!